மக்கீன் மச்சானுக்குக் கிடைத்த வீடு

என் மூத்த சகோதரி றாஹிலா ராத்தாவின் புருசன் மக்கீன் மச்சான் யாருடைய முகத்துக்கு நேரேயும் "இல்லை" என்று சொன்னவரல்ல. அறுபத்தெட்டு வயது வரை இருந்தார். அதில் ஒரே ஒரு தரம்தான் சொன்னார். அந்த ஒரு தரமும் நான் சாக்குத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆகையால் அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிட உரிமையுள்ள ஆள் இந்த ஊரில் இல்லை. இருந்தால் வந்து சொல்லட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

நெடிய மனிதர். தோளில் எப்போதும் ஒரு கட்டம்போட்ட துண்டு கிடக்கும். சாகாமத்தில் சின்னப்போடியார் என்பவரின் வயலில் அவர் முல்லைக்காரன், அதாவது விதைப்பிலிருந்து சூடடிப்பு வரை ஆட்களை வைத்து வயலைப் பார்த்துக்கொள்கிற ஆள். போடியார் வரப்பில் நின்று கேட்பாராம்.

"மக்கீன், இந்த முறை முந்தி விதைப்பமா?"

"ஓம் போடியார்."

"இல்லாட்டி கொஞ்சம் பிந்தி விதைச்சா நல்லமோ?"

"ஓம் போடியார்."

பிறகு மச்சான் தண்ணீரையும் மண்ணையும் பார்த்து, தனக்குச் சரியென்று பட்ட நாளில் விதைப்பார். நெல் நன்றாக விளையும். போடியாருக்குத் தான் சொன்னபடி நடந்தது என்ற திருப்தி. வீட்டுக்கு வந்தவருக்கு வெற்றிலைத் தட்டை நீட்டுகிற மாதிரித்தான் மச்சான் ஓம் சொல்வார். நீட்டாமல் விட்டால் மரியாதை இல்லை என்று நினைப்பார்.

கலியாணமும் அப்படித்தான் நடந்தது. எங்கள் வாப்பா போய், "மகளுக்கு ஊடு கட்டி முடிஞ்சி, மாப்பிள்ளையாக வாறீங்களா?" என்று கேட்டார். ஓம் என்றார். அதே கிழமை மருதமுனையிலிருந்து வந்த இன்னொரு தகப்பனும் கேட்டிருக்கிறார். அவருக்கும் ஓம். எங்கள் மூத்த சகோதரர் அச்சிமுகம்மது காக்கா மாட்டுவண்டியைக் கட்டிக்கொண்டு போய் அந்த மனிதரைச் சமாதானப்படுத்திவிட்டு, மச்சானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ராத்தாவின் வீட்டில் இறக்கினார். அன்றைக்குத் தொடங்கி மச்சான் வாய் திறக்கும்போதெல்லாம் காக்கா கூர்ந்து கேட்பார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. பெண் பிறந்தால் தகப்பன் கல்லுக்கும் மரத்துக்கும் ஓடத் தொடங்குவான். ஆண்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண்சாதியின் வீட்டுக்குப் போய் இருப்பான். மூத்த மகளுக்குக் கலியாணம் என்றால் தாய் இருக்கிற வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் சமைக்கிற குசினிப் பக்கம் பத்தி என்று ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள். ராத்தாவும் அப்படித்தான் செய்தாள். மூத்தவளுக்கு வீடு போயிற்று. மருமகன் ஜவுபர் தகரப் பெட்டியோடு முன்னறைக்கு வந்தான். ராத்தா, மச்சான், இளையவள் ஜுனைதா மூன்று பேரும் பின்பத்திக்குப் போனார்கள்.

ஜுனைதாவுக்கு ஒரு வீடு வேண்டும். வளவின் மூலையில் அத்திவாரம் வெட்டிப் போட்டிருந்தார் மச்சான். ஐம்பத்தேழாம் ஆண்டுக் கடைசியில் வந்த பெருவெள்ளம் அத்திவாரத்தை மண்ணால் மூடிவிட்டது. சாகாமத்து வயலையும் மூடிவிட்டது. ஜுனைதாவுக்கு அப்போது பதினாறு வயது. முல்லைக்காரன் வேலை இல்லாமல் பகலில் வீட்டில் இருந்ததும் அந்த ஒரு வருடம்தான். அந்த வருடத்தில்தானா கிறிஸ்ரோபர் வர வேண்டும்?

கிறிஸ்ரோபர் கொழும்பில் கொச்சிக்கடைப் பக்கம் பிறந்து வளர்ந்த வேதக்காரப் பிள்ளை. இருபத்தொரு வயது. கொழும்பில் சமூக சேவை படிப்பிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தில் படித்தது காணாதாம். ஏதாவது ஓர் ஊரில் எட்டுக் கிழமை, அதாவது இரண்டு மாதம், இருந்து சனங்களின் கஷ்டத்தை நேரில் பார்த்து, ஒரு குடும்பத்துக்காவது வழி செய்து கொடுத்து, அதை எழுதிக் காட்டினால்தான் பாஸ். அதற்குக் களப்பயிற்சி என்று பெயர். ஊர்த் தலைமைக்காரரான விதானையின் வீட்டு முன்னறையில் தங்கிக்கொண்டு, ஒரு கட்டுப் படிவத்தோடு இறங்கினான்.

ஜவுபருக்கு வாய் சும்மா இராது.

"கஷ்டம் பாக்க இவ்வளவு தூரம் வந்தீங்களா தம்பி? கொழும்பில முடிஞ்சி பெய்த்தா?"

"இல்ல நானா, கொழும்பிலயும் இருக்கு. எனக்கு இந்த ஊரத் தந்தாங்க."

"அப்ப நல்லாப் பாருங்க. பாத்திட்டு மிச்சத்த இஞ்சயே வெச்சிட்டுப் போங்க."

பிள்ளை நல்ல பிள்ளை. எங்கள் வழக்கப்படி அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்றான், கோபப்படவில்லை. வேலிப் படலை படலையாய்ப் போய்க் குடும்பத் தலைவரைக் கூப்பிட்டுக் கேட்டான். ஆண்கள் வெளியே வந்து மறுமொழி சொன்னார்கள். பெண்கள் திரைக்கு உள்ளே. படிவத்தில் மூன்றாவது கேள்வி, வீடு உங்களுக்குச் சொந்தமா என்பது. ஒவ்வொருவரும் உள்ளதைச் சொன்னார்கள்: பெண்சாதியுடையது, இல்லாவிட்டால் மகளுடையது. எழுபத்திரண்டு வீட்டுக்குப் போனான். எழுபத்தொரு பேருக்கு வீடில்லை. அதில் விதானையும் ஒருவர். மிஞ்சிய ஒருவர் சந்தியில் பூட்டுத் திருத்துகிற தனிக்கட்டை. அவர் தன் கடைக்குள்ளேயே படுப்பவர். ஊரில் வீட்டுப் பாக்கியம் பெற்ற ஒரே ஆண் அவர்தான் என்று கிறிஸ்ரோபரின் கொப்பியில் பதிவாயிற்று.

கொழும்பில் இருந்த ஆசிரியைக்கு அவன் எழுதிய கடிதத்தைப் பிறகு ஒரு நாள் அவனே எங்களுக்கு வாசித்துக் காட்டினான், தலையைக் குனிந்துகொண்டு. "இவ்வூரில் ஆண்கள் அனைவரும் வீடற்றவர்கள். பல தலைமுறையாக இவ்வாறு வாழ்ந்து அதற்குப் பழகிவிட்டார்கள். கேட்டால் சிரிக்கிறார்கள்." ஆசிரியை மறுகடிதம் போட்டாராம்: முழு ஊரையும் ஒரே நாளில் தூக்க முடியாது, ஒருவரைத் தெரிந்தெடுத்து அவரோடு நின்று பார்.

பகலில் வீட்டில் இருந்த ஒருவர் மக்கீன் மச்சான். அகப்பட்டார்.

செவ்வாய்க்கிழமைதோறும் வருவான். முன்வீட்டிலிருந்து ஒரு கதிரை வரும். மச்சான் முருங்கை மரத்தடியில் மர வாங்கில் இருப்பார். குசினி வாசலில் தொங்குகிற சாக்குக்கு உள்ளே ராத்தாவும் நானும். என் வீடு அடுத்த வளவு. ஆனால் செவ்வாய்க்கிழமை என்றால் எனக்கு அங்கேதான் வேலை.

"நானா, இந்த வீடு யார் பேர்ல இருக்கு?"

"மூத்த மகள்ட பேருல தம்பி."

"அதுக்கு முதல்?"

"பொண்டாட்டிட பேருல."

"உங்க பேர்ல ஒரு நாளும் இருக்கல்லயா?"

மச்சான் யோசித்தார். அப்படி ஒன்றை அவர் அதற்கு முன் நினைத்துப் பார்த்ததே இல்லை. "ஓம் தம்பி, இருக்கல்ல" என்றார்.

கிறிஸ்ரோபர் எழுதினான்: முதலில் மனைவியாலும் பின்னர் மகளாலும் இருமுறை வீடிழந்தவர்.

"அது உங்க மனசுக்குப் பாரமா இருக்கா நானா?"

பிள்ளை எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறான். எவ்வளவு ஆசையாகக் கேட்கிறான். "ஓம் தம்பி" என்றார் மச்சான்.

உள்ளே ராத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன பாரமாம்? காலத்தால ரெண்டு நீத்துப்பெட்டி புட்டுத் திண்ட பாரமா? தம்பி, தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டு எழுதுங்க."

மனத்தைப் பற்றிக் கேட்கும்போது மனைவி குறுக்கிடுகிறார் என்று அதையும் எழுதினான்.

"இரவில நித்திர வருதா?"

"ஓம்."

"சில நேரம் வராமயும் இருக்குமா?"

"ஓம் தம்பி."

இப்படி நான்கு கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் மச்சான் துவைத்த சேட்டுப் போட ஆரம்பித்தார். ஊரில் ஒருவரும் அவரிடம் அவரைப் பற்றிக் கேட்டதில்லை. நெல்லைப் பற்றிக் கேட்பார்கள், மாட்டைப் பற்றிக் கேட்பார்கள். இந்தப் பிள்ளைதான் மச்சானுக்குச் சின்ன வயதில் என்ன விளையாட்டுப் பிடிக்கும் என்று கேட்டான். மச்சான் கிட்டி அடித்ததை அரை நாள் சொன்னார். அதைக் கேட்டு ராத்தாவே, "எனக்கு இதொண்டும் சொன்னதில்லையே" என்று எனக்குக் காதில் சொன்னாள்.

நாலாவது செவ்வாய் அவன் ஒரு தாளை எடுத்தான். "நானா, உங்களுக்குன்னு ஒரு வீடு கிடைச்சா நல்லம்தானே? நான் எழுதிக் கேட்கட்டுமா?"

"ஓம் தம்பி. கேளுங்க."

பெருவிரலில் மை தடவி அடையாளம் வைத்தார். ராத்தா சிரித்தாள். நானும் சிரித்தேன். சோதனைக்கு எழுதுகிற பிள்ளை, எதையாவது எழுதிக்கொண்டு போகட்டும், வெறுங்கையோடு அனுப்ப முடியுமா என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவன் எழுதுகிற தாள் எங்கேயாவது போய்ச் சேரும் என்று எங்களில் ஒருவரும் கனவிலும் எண்ணவில்லை.

தாள் போய்ச் சேர்ந்தது. வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு என்று கடற்கரையில் தாழம்புதருக்கு அப்பால் எட்டுச் சிறுவீடுகள் கட்டியிருந்தார்கள். சீமெந்து நிலம், இரண்டு அறை, தகரக் கூரை. ஏழுக்கு ஆள் வந்துவிட்டது. எட்டாவது வீட்டுக்குரியவர் மட்டக்களப்புப் பக்கம் குடிபோய்விட்டார். காணிக் கந்தோர் என்கிற அரசாங்க அலுவலகத்து ஐயாவின் மேசையில் ஒரு வீடு மிச்சம், அதன் பக்கத்தில் வீடில்லாத மக்கீன். அவர் என்ன செய்வார்? பொருத்திவிட்டார்.

ஆறாவது கிழமை விதானை கடிதத்தோடு படலைக்கு வந்து, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார். வீடற்ற மக்கீன் என்பவருக்கு எட்டாம் இலக்க வீடு. அவர் அதில் குடியிருக்க வேண்டும். குடியிருக்காவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போகும். வருகிற வியாழக்கிழமை ஐயா சாவித் திறப்போடு வருவார்.

ஆண்பிள்ளைக்குத் தனி வீடு என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரு கருத்துத்தான். அவன் பெண்சாதியை விட்டுவிட்டான். இருபத்திரண்டு வருடம் வாழ்ந்த மனிதர் றாஹிலாவை விட்டுவிட்டு, எழுதிக் கேட்டு, விரலடையாளமும் வைத்துத் தனி வீடு எடுத்துவிட்டார் என்று நடுப்பகல் லுகர் தொழுகைக்கு முதல் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண்கள் சீனியும் தேயிலையும் கொண்டுவந்து, சாவு விழுந்த மவுத்து வீட்டில் குந்துகிற மாதிரிப் பத்தியில் குந்தினார்கள். இன்னும் ஒருத்தி வந்தாள். பேர் சொல்ல மாட்டேன், அவளுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் மச்சானிடமே போய், தன் தங்கச்சி ஒருத்தி சும்மா இருக்கிறாள் என்றும், வீட்டோடு மாப்பிள்ளை கிடைப்பது லேசில்லை என்றும் கதைத்தாள்.

மச்சான் வழக்கப்படி "ஓம்" என்றார்.

அச்சிமுகம்மது காக்கா வண்டித் துவரங்கம்போடு வந்தார்.

"எங்க அந்த ஊட்டுக்காரர்? எட்டாம் நம்பர் முதலாளி எங்க?"

"வாங்க மச்சான், இரிங்க" என்று மக்கீன் மச்சான் காக்காவை வரவேற்றார்.

"இரிக்க வரல்ல. நீ எழுதிக் கேட்டயா இல்லயா?"

"ஓம்."

"என்ட தங்கச்சிட ஊட்டுல உனக்கு என்னடா கொற?"

"ஓம் மச்சான்."

"என்ன ஓம்! கொற எண்டா என்ன கொற எண்டு சொல்லு!"

மச்சான் துண்டை எடுத்து மறு தோளில் போட்டார். பயந்தால் அவருக்கு ஓமைத் தவிர வேறொன்றும் வராது. காக்கா கம்பை முருங்கையில் அடித்து ஒரு கிளையை முறித்துவிட்டுப் போனார்.

ராத்தா மச்சானோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு வைப்பாள், கறி வைப்பாள், வாய் திறக்க மாட்டாள். அவர் உடுத்துகிற சாறன் நாலையும் கொடியிலிருந்து எடுத்து மடித்து வாசலில் வைத்தாள். மச்சான் அதை எடுத்து உதறி மறுபடியும் கொடியில் போட்டார். அவள் எடுத்து மடித்தாள். அவர் எடுத்து உதறினார். அந்தக் கிழமை முழுக்க அந்தச் சாறன்கள் காய்ந்த அளவுக்கு ஒரு துணியும் காய்ந்திராது.

ஆனால் ராத்தாவின் நெஞ்சில் வேறொன்றும் இருந்தது. குசினியில் மீன் வெட்டிக்கொண்டு எனக்குச் சொன்னாள்.

"புள்ள, ஒரு ஊடு தானா வந்து வாசல்ல நிக்கி. ஜுனைதாக்கு நான் இனி எந்தக் காலத்தில கட்டப்போறன்? ஆனா இவர் போய் அங்க கிடந்தா நான் உட்ட பொண்டாட்டி."

"நீயும் கூடப் போ ராத்தா. மூணு பேரும் போங்களன்."

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆம்பிளைட ஊட்டுல நான் போய்க் குந்துறதா? உம்மா ஆம்பிளைட ஊட்டுல ஒண்டிக் கிடக்கிறா எண்டா என்ட புள்ளைய ஆர் எடுப்பான்? நீ போவியா?"

போக மாட்டேன். மீனை எடுத்துக் கழுவினேன்.

இது ஒன்றும் தெரியாமல் கிறிஸ்ரோபர் செவ்வாய்க்கிழமை முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். புதுவீட்டில் மாட்ட என்று ஒரு கலண்டரும் கையில். முன்வீட்டிலிருந்து கதிரை வரவில்லை. தேத்தண்ணி வரவில்லை. மச்சான் மட்டும் இருந்தார்.

"சந்தோசமா நானா?"

"ஓம் தம்பி" என்றார் மச்சான். கண்ணால் தண்ணீர் ஓடிற்று.

பயனாளி ஆனந்தக் கண்ணீர் விட்டார் என்று எழுதத் தொடங்கினான். அந்த நேரம் ஜவுபர் முன்வீட்டுப் படியிலிருந்து குரல் கொடுத்தான்.

"தம்பி, எனக்கும் ஒரு ஊடு எழுதுங்களன். நானும் என்ட பொண்டாட்டிய உட்டுர்ரன். மாமாவும் நானும் பக்கத்துப் பக்கத்து ஊட்டுல இருந்து சோறாக்கித் தின்னுறம்."

"ஏன் நானா மனைவிய விடணும்?"

"பின்ன? பொண்டாட்டி இரிக்கிறவன் என்னத்துக்குத் தனி ஊடு எடுக்கிறான்?"

கிறிஸ்ரோபர் எழுதுவதை நிறுத்தினான். ஜவுபர் படியிலிருந்து இறங்கிவந்து எல்லாவற்றையும் சொன்னான். பெண்ணுக்கு வீடு, மாப்பிள்ளைக்குப் பெட்டி, மாமா இப்போது நிற்கிற நிலை. பிள்ளை கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுபத்தொரு பேரையும் முதலிலிருந்து எண்ணுவது எனக்குத் திரைக்குள்ளாலே தெரிந்தது. முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"நானா, ஏன் எனக்குச் சொல்லல்ல?"

மச்சான் துண்டால் கண்ணைத் துடைத்தார். "நீங்க கேட்டீங்க, தம்பி. வீட்டுக்கு வந்த புள்ள."

அன்றைக்கே கந்தோருக்கு ஓடினான். கேட்டவர் தன் வாயால் வேண்டாம் என்றால்தான் மாற்றலாம் என்று ஐயா சொல்லிவிட்டார். ஓடிவந்து விதானையிடம் சொன்னான். விதானை தலையில் கை வைத்தார். மக்கீன் தன் வாயால் வேண்டாம் என்பதா?

வியாழக்கிழமை வந்தது. கிறிஸ்ரோபர் தந்தி அடித்துக் கூப்பிட்டோ என்னவோ, கொழும்பிலிருந்து அவனுடைய ஆசிரியை அருள்ராணி மிஸ்ஸும் அன்றைக்கே வந்து இறங்கினார். தடித்த கண்ணாடி, கறுப்புக் குடை. வளவில் கந்தோர் ஐயா, விதானை, காக்கா, ஜவுபர் எல்லாரும் நின்றார்கள். மிஸ் ஒருவரையும் பார்க்கவில்லை. சாக்கை விலக்கிக்கொண்டு குசினிக்குள் வந்துவிட்டார். இருக்க இடமில்லாததால் திருவலைக் கட்டையில் இருந்தார். இருந்தபின் சும்மா இருப்பானேன் என்று தேங்காய்ப் பாதியை எடுத்துத் திருவத் தொடங்கினார்.

"கிறிஸ்ரோபர் ஏழு கிழமையா இந்த வாசல்ல இருந்திருக்கிறான். உள்ளுக்கு வரேலாதுதானே. இப்ப நான் வந்திட்டன். சொல்லுங்க, இந்த வீட்டில ஆருக்கு என்ன வேணும்?"

ஏழு கிழமையில் அந்தக் கேள்வியை ராத்தாவிடம் ஒருவரும் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்டும் வேணா மிஸ். ஜுனைதாக்கு ஊடு வேணும். இவர் என்னோட இரிக்கணும். ரெண்டும் வேணும்."

"உங்களுக்கு வீடு இருக்குத்தானே?"

"இரிந்திச்சு. மூத்தவள் முடிக்கக்குள்ள அவள்ட பேருல எழுதிட்டன்."

"அப்ப இப்ப உங்களுக்கு?"

ராத்தா என்னைப் பார்த்தாள். நான் ராத்தாவைப் பார்த்தேன். எங்கள் உம்மாவும் அப்படித்தான் எழுதினாள், அவளுடைய உம்மாவும் அப்படித்தான். மகளைக் கொடுத்த அன்றைக்குத் தாய்க்கு வீடில்லாமல் போகிறது என்பதை நாங்கள் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. கிறிஸ்ரோபரின் படிவத்தில் பெண்களுக்குக் கேள்வியே இல்லை. எழுபத்தொரு பேரை எண்ணிய பிள்ளை, உண்மையாக வீடில்லாதவளைத் திரைக்குப் பின்னால் விட்டுவிட்டான்.

மிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். வீட்டை றாஹிலாவின் பேரில் போடலாமா என்று ஐயாவிடம் கேட்டார். ஐயாவுக்கு மறுப்பில்லை. ஆனால் சட்டம் சட்டம். முதலில் மக்கீன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தாளில் அச்சடித்த கேள்வியைக் கேட்பார். அதற்கு வருகிற மறுமொழியைத்தான் எழுதுவார்.

மச்சான் முருங்கையடியில் எழுந்து நின்றார். வளவில் ஒரு கோழி மட்டும் கொத்திக்கொண்டு நின்றது.

"இவன் ஓம் எண்டுதான் சொல்லுவான். நான் வண்டியக் கட்டுறன்" என்றார் காக்கா.

கிறிஸ்ரோபர் பாய்ந்து முன்னுக்கு வந்தான். "நானா, உங்களுக்கு இந்த வீடு வேணாம்தானே?"

"ஓம் தம்பி!" என்றார் மச்சான், சந்தோசமாக.

"தம்பி, கேள்வியைத் திருப்பக் கூடாது" என்றார் ஐயா. "அச்சில் உள்ளபடிதான் கேட்க வேணும். மக்கீன், இந்த வீட்டைப் பெற்று அதில் குடியிருக்க உமக்கு விருப்பமா?"

மச்சானைப் பார்க்கவே பாவமாக இருந்தது. முன்னால் நிற்பவர் அரசாங்கத்து மனிதர். வெயிலில் நடந்து வந்தவர். கையில் திறப்பு. இப்படிப்பட்டவருக்கு அவர் ஆயுளில் மறுத்துச் சொன்னதில்லை. உதடு குவிந்தது. ஓ என்று தொடங்கிவிட்டது. ராத்தாவின் கை என் கையை நெரித்தது, வளையல் என் தோலில் பதிந்துவிட்டது.

மச்சானின் கண் பத்தி வாசலுக்குப் போயிற்று. மடித்த சாறன் நாலும் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. காலையில் மடித்தது. அவர் இன்னும் உதறவில்லை.

"இல்லை" என்றார்.

சத்தமாகத்தான் சொன்னார். கோழியும் நிமிர்ந்து பார்த்தது. சொன்னதும் அவருக்கு வேர்த்துக் கொட்டிற்று. நாலு மூடை நெல்லை ஒரே மூச்சில் இறக்கியவர் மாதிரி வாங்கில் இருந்துவிட்டார். மறுகணம் எழும்பி, "கொற நெனைக்காதீங்க ஐயா. கதிரை கொண்டாங்க. ஐயாக்கு இளநி வெட்டுங்க. மன்னிச்சிக்கங்க ஐயா" என்று அவருக்குப் பின்னாலேயே திரிந்தார். ஐயா எழுதிவிட்டேன் என்று மூன்று தரம் சொல்லியும் மச்சானுக்கு ஆறவில்லை.

உள்ளே ராத்தா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசலுக்குப் போய்ச் சாறன்களை எடுத்து ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டாள்.

எட்டாம் இலக்க வீடு றாஹிலாவின் வீடாயிற்று. குடிபோன அன்றைக்கு ராத்தாவும் ஜுனைதாவும் முதலில் போய் உள்ளே இருந்தார்கள். மச்சான் பெட்டியோடு பின்னால் வந்தார். பெண்சாதியின் வீட்டுக்குப் போகிறவர் சும்மா போகலாமா? காக்கா அவரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கொண்டுவந்தது மாதிரியே கொண்டுபோய் இறக்கினார். நாங்கள் குரவை போட்டோம். கிறிஸ்ரோபரின் கலண்டரைச் சுவரில் மாட்டினோம். மூன்று வருடம் கழித்து அதே வீட்டை ராத்தா ஜுனைதாவின் பேருக்கு எழுதினாள். ஜுனைதாவின் மாப்பிள்ளையும் பெட்டியோடுதான் வந்தான்.

கிறிஸ்ரோபருக்கு ஒரு கிழமை மிச்சம் இருந்தது. மிஸ் அவனை எழுபத்தொரு வீட்டுக்கும் மறுபடி அனுப்பினார், இந்தத் தரம் திரைக்கு முன்னால் இருந்து பெண்களிடம் கேட்டு எழுதும்படி. மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்தியில் இருக்கிற தாய்மார் பதினொரு பேர். ஒன்பது என்று ஜவுபர் சொல்வான். பதினொன்றுதான், எனக்கு ஒவ்வொருத்தியையும் தெரியும். பிள்ளை பாஸ் பண்ணிவிட்டான். ஆனால் மக்கீன் மச்சானுடைய காகிதக் கட்டை முடித்து மூட முடியவில்லை. வந்தபோது எழுதியது: சொந்த வீடு இல்லை. போகும்போது எழுதியது: சொந்த வீடு இல்லை. நிலைமை மாறவில்லை என்று கட்டு திறந்தபடியே கொழும்புக்குப் போயிற்று.

அடுத்த வருடம் வெயில் காலத்தில் ஒரு பெண்பிள்ளை அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு எட்டாம் இலக்க வீட்டுப் படலையில் நின்றாள். செல்லத்தங்கம் என்று பேர். அதே பள்ளிக்கூடம், அதே எட்டுக் கிழமை.

"வீடில்லாத மக்கீன் எண்டது நீங்களா?"

"ஓம் மகள்" என்றார் மச்சான். "வாங்க, இரிங்க."

அவள் பேனையைத் திறந்தாள். உள்ளே ராத்தா அகப்பையைப் போட்டுவிட்டு எழும்பிய சத்தம் தெருவுக்கே கேட்டது.

"புள்ள, எழுதாதீங்க! அவர்ட்ட ஒண்டும் கேக்காம முதல்ல குசினிக்கு வாங்க!"